சிறுகோள்களின் துகட்போர்வை

மண்ணை நாம் எளிய பொருளாகக் கருதுகின்றோம். காலிற் படிந்தால் கழுவுகின்றோம். கண்ணிற் பட்டால் வருந்துகின்றோம். ஆயினும், ஒரு பிடி மண் உண்டாவதற்கு எத்துணைக் காலம் ஆயிற்று, எவ்வெவ்வாற்றல்கள் அதன்பொருட்டு உழைத்தன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. மலைப்பாறையின்மேல் மழை பெய்கின்றது, வெயில் காய்கின்றது, வெடிப்பில் முளைத்த செடியின் வேர் பாறையைப் பிளக்கின்றது. உடைந்த கல்லை ஆறு உருட்டித் தேய்க்கின்றது. காற்று அதன் பொடியை வாரிச் செல்கின்றது. புழுக்களும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களும் அப்பொடியைப் பதப்படுத்துகின்றன. இங்ஙனம் நீரும் காற்றும் உயிரும் கூடி ஆக்கிய பொருளே நம் நிலத்து மண்.

நீரும் காற்றும் உயிரும் இல்லாத ஓர் உலகில் மண் உண்டாகுமா? உண்டாகாது என்றே எவரும் விடை கூறுவர். ஆனால், அத்தகைய உலகங்களின் மேற்பரப்பிலும் கல்லும் மணலும் துகளும் பரந்து கிடக்கின்றன. சிறுகோள்கள் என்று வழங்கும் சின்னஞ்சிறு விண்ணுலகங்களே அவை. அங்கே பாறையைப் பொடியாக்குபவை யாவை? பொடித்தவற்றைக் காத்து வைப்பது யாது? இவற்றை இப்பாடத்திற் காண்போம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரியதோர் இடைவெளி உண்டு. இத்தாலி நாட்டைச் சார்ந்த பலெர்மோ நகரில் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கியூசெப்பே பியாட்சி என்னும் துறவி, 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிரவு, அவ்விடைவெளியில் இயங்கும் ஒரு சிறு பொருளைக் கண்டார். அதற்குச் சீரிஸ் என்று பெயரிடப்பட்டது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். அதனை இக்காலத்தார் குறுங்கோள் என்று தனியே வகுத்து வைத்துள்ளனர். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிறுகோள்கள் கண்டறியப்பட்டன. இன்று நாம் அறிந்தவை பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. சில நம் பூமியின் வழிக்கு அருகிலும் வந்து செல்கின்றன.

ஞாயிற்று மண்டலம் உருவாகி ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் ஆயின. அந்நாளில் கோள்களாகத் திரண்டவை போக எஞ்சிய பொருள்களும், பின்னர் அவை ஒன்றோடொன்று மோதிச் சிதறிய சிதறல்களுமே சிறுகோள்கள். சில ஒரே பாறையாக உள்ளன. வேறு சிலவோ, உடைந்த கற்கள் தம் மெல்லிய ஈர்ப்பினால் மீண்டும் கூடிக் குவிந்த வெறுங்கற்குவியல்கள்.

இவற்றின் மேற்பரப்பில் தளர்வாய்க் கிடக்கும் கல், மணல், துகள் ஆகியவற்றின் தொகுதியை மேனாட்டார் ‘ரெகோலித்’ என்பர். அமெரிக்க நிலநூலறிஞர் ஜார்ஜ் மெரில் என்பவர் 1897இல் அமைத்த சொல் அது. கிரேக்க மொழியில் போர்வையைக் குறிக்கும் சொல்லும் கல்லைக் குறிக்கும் சொல்லும் அதில் இணைந்துள்ளன. உள்ளேயுள்ள திண்ணிய பாறையைப் போர்வைபோல் மூடிக் கிடத்தலின் அப்பெயர் பொருத்தமே. தமிழில் நாம் அதனைத் துகட்போர்வை எனலாம். துகள் என்று கூறினும், அப்போர்வையில் பாறையும் கல்லும் பரலும் மணலும் பூழியும் ஆகிய எல்லா அளவினவும் கலந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்க.

இப்போர்வையை ஆக்கும் முதல் ஆற்றல் மோதல். சிறுகோள்கள் ஒன்றையொன்று மோதும்போது அவற்றின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். துப்பாக்கிக் குண்டின் விரைவினும் இது பன்மடங்கு மிகுதி. இவ்விரைவில் ஒரு சிறு கல் வந்து தாக்கினும் பாறை நொறுங்கும், பள்ளம் தோன்றும், உடைந்த துண்டுகள் நாற்புறமும் தெறிக்கும். பெருங்கற்கள் அரிதாகவே மோதும். மணலளவினும் நுண்ணிய துகள்களோ இடையறாது வந்து தைத்துக்கொண்டே இருக்கும். நம் பூமிக்குக் காற்றுமண்டலம் ஒரு கவசமாதலின், அத்துகள்கள் மேலேயே எரிந்து எரிமீன்களாய் மறைகின்றன. சிறுகோளுக்கு அக்கவசம் இல்லை. ஆதலின் ஒவ்வோர் அடியையும் அது தன் மேனியிலேயே தாங்குகின்றது.

இங்கே ஓர் ஐயம் எழும். தெறித்த துண்டுகள் திரும்பி வந்து விழுந்தாலன்றோ போர்வை உண்டாகும்? பூமியைவிட்டு ஒரு பொருள் நீங்கிச் செல்ல நொடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவு வேண்டும். ஏறத்தாழ 500 மீட்டர் குறுக்களவுள்ள பென்னு என்னும் சிறுகோளைவிட்டு நீங்குவதற்கோ நொடிக்கு 20 சென்டிமீட்டர் அளவு விரைவே போதும். நாம் மெல்ல நடக்கும் விரைவினும் இது குறைவு. அங்கே ஒருவர் துள்ளிக் குதித்தால் மீண்டும் நிலத்திற்கு வாரார். விண்வெளியிலேயே மிதந்து போவார். அவ்வாறாயின், மோதலால் விரைந்து தெறிக்கும் துகள்கள் எங்ஙனம் தங்கும்? இதனாலேயே, மிகச் சிறிய சிறுகோள்கள் துகளின்றி வெறும்பாறையாய் இருக்கும் என்று முற்காலத்து அறிஞர் பலர் கருதினர்.

இக்கருத்தை நேரிற் சென்று ஆராயும் காலம் வந்தது. 34 கிலோமீட்டர் நீளமுள்ள ஈராஸ் என்னும் சிறுகோளை, அமெரிக்கர் ஏவிய நியர் என்னும் விண்கலம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் முதல் சுற்றி ஆராய்ந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அதன்மீது மெல்ல இறங்கியது. இறங்குவதற்கென அமைக்கப்படாத கலமாயினும், அது சிதையாமல் தரையிலிருந்தும் செய்தி அனுப்பிற்று. ஈராசின்மேல் துகட்போர்வை நன்றாகவே படிந்திருந்தது. சில பள்ளங்களின் அடியில் நுண்துகள் குளத்து நீர்போல் மட்டமாய்த் தேங்கியிருந்தது. நீரில்லாத இடத்தில் துகள் தானே ஓடி மட்டமானது எங்ஙனம்? ஞாயிற்றொளி பட்டுத் துகள்கள் மின்னூட்டம் பெறுகின்றன. ஒன்றையொன்று விலக்கிச் சற்றே எழும்பித் தாழ்ந்த இடத்திற் சென்று படிகின்றன என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். மோதல்களால் எழும் அதிர்ச்சியே துகளைப் பள்ளத்திற் சேர்க்கின்றது என்பர் வேறு சிலர்.

அடுத்து, ஜப்பானியர் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹயபூசா என்னும் கலத்தை ஏவினர். 2005இல் அது இடோகாவா என்னும் சிறுகோளை அடைந்தது. ஜப்பானில் ஏவுகணைக் கலைக்கு வித்திட்ட இடோகாவா ஹிதேயோ என்னும் பேரறிஞரின் பெயரால் விளங்குவது அச்சிறுகோள். அதன் நீளம் அரைக் கிலோமீட்டரினும் சற்றே மிகுதி. ஈர்ப்போ பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஓரிலக்கத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவவிட்ட கல் நம் நிலத்தை அரை நொடியில் அடையும். அங்கே தரையைத் தொட இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இத்துணை மெல்லிய ஈர்ப்புடைய இடோகாவாவிலும் பாறை நிறைந்த பகுதிகளுக்கு நடுவே பரல் படிந்த மட்டமான பகுதிகள் காணப்பட்டன. வெறும்பாறையாய் இருக்கும் என்ற எண்ணம் தவறாயிற்று.

அக்கலத்தின் வரலாறு வியப்புக்குரியது. தரையிற் சிறு குண்டைச் சுட்டுத் துகளை எழுப்பிப் பிடிக்குமாறு அதனை அமைத்திருந்தனர். குண்டு வெடிக்கவில்லை, பொறிகள் பல பழுதுற்றன, செய்தித் தொடர்பும் சில காலம் அற்றது. ஆயினும் அறிஞர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அதன் பேழை ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வந்து விழுந்தது. கலம் தரையைத் தொட்டபோது தானே எழும்பிய துகள் அதனுள் அகப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்ததில் 1500க்கும் மேற்பட்ட துகள்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறியவை.

கண்ணுக்குத் தெரியாத அத்துகள்கள் நெடுநாள் வழக்கு ஒன்றைத் தீர்த்துவைத்தன. பூமியில் விழும் விண்கற்களுள் மிகப் பலவாய் உள்ள ஒரு வகை, எந்தச் சிறுகோளிலிருந்து வருகின்றது என்பதே அவ்வழக்கு. அவ்விண்கல்லின் நிறமும் சிறுகோள்களின் நிறமும் ஒத்திருக்கவில்லை. இடோகாவாவின் துகளைச் சோதித்தபோது, உட்பொருள் அவ்விண்கல்லின் பொருளே என்பது தெளிவாயிற்று. மேற்றோல் மட்டும் மாறியிருந்தது. ஞாயிற்றிலிருந்து நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் விரைவில் வீசும் மின்துகட்காற்றும், நுண்துகள்களின் மோதலும், துகளின் மேற்பரப்பில் மிக நுண்ணிய இரும்புத் துணுக்குகளைத் தோற்றுவிக்கின்றன. அவற்றால் நிறம் கறுத்துச் சிவக்கின்றது. வெயிலிற் கிடந்த துணி வெளுப்பதுபோல, விண்வெளியிற் கிடந்த கல் கறுக்கின்றது என்க. மேலும், சில துகள்களின் முனைகள் மழுங்கியிருந்தன. ஆற்றுநீர் இல்லாவிடினும், அதிர்ச்சியால் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்தமையே அதற்குக் காரணம். அத்துகள்கள் மேற்பரப்பிற் கிடந்த காலம் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டதே என்றும், பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில பத்துச் சென்டிமீட்டர் என்ற அளவில் இடோகாவா தன் மேற்பரப்பை விண்வெளியில் இழந்து வருகின்றது என்றும் கணக்கிட்டனர். எனவே, அப்போர்வை ஒருபுறம் தேய, ஒருபுறம் புதிதாய் உண்டாகிக்கொண்டே இருக்கின்றது.

இங்ஙனம் புதிதாய் உண்டாக்குவது மோதல் மட்டுமன்று. மோதலிற் பிறந்த நுண்துகள் பெரும்பாலும் பறந்து போகுமாதலின், மெல்ல உடைக்கும் வேறோர் ஆற்றலும் வேண்டும். அது வெப்பம். பென்னுவில் 4.3 மணி நேரத்திற்கு ஒருமுறை ஞாயிறு தோன்றுகின்றது. நடுவரைப் பகுதியில் பகல் வெப்பம் ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இரவில் உறைநிலைக்குக் கீழ் 23 டிகிரி வரை இறங்கும். வெப்பத்தைப் பரப்பிச் சமன்செய்யக் காற்று அங்கு இல்லை. பாறையின் மேற்புறம் சூடேறி விரிகின்றது. உட்புறம் குளிர்ந்தே நிற்கின்றது. பாறையிற் கலந்துள்ள கனிமங்களும் ஒன்றுபோல் விரிவதில்லை. எரியும் அரிக்கன் விளக்கின் கண்ணாடியில் குளிர்நீர் தெறித்தால் கீறல் விடுவதை அறிவோமன்றோ? அதனினும் மெல்ல, ஆனால் ஒவ்வொரு நாளும், பாறையினுள் மயிரிழை போன்ற பிளவுகள் தோன்றி நீள்கின்றன. ஒருமுறை வளைத்தால் ஒடியாத கம்பி, மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். கல்லும் அவ்வாறே களைத்து உடைகின்றது.

இதனை மார்க்கோ டெல்போ என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து 2014இல் வெளியிட்டனர். விண்கற்களின் துண்டுகளை நூற்றுக்கணக்கான முறை சூடேற்றிக் குளிர்வித்து, அவற்றுட் பிளவுகள் வளர்ந்தமையை அவர்கள் அளந்தனர். சில சென்டிமீட்டர் அளவுள்ள கற்களை, நுண்துகள்களின் மோதலைவிட வெப்பமாற்றமே விரைவில் உடைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இவ்வாறு உடையும் துண்டு மிகுந்த விரைவின்றி உதிர்தலால், பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்குகின்றது. முன்னர் எழுந்த ஐயத்திற்கு இஃது ஒரு நல்ல விடை.

தங்கிய துகள்கள் அசையாமல் இருப்பதுமில்லை. பலவகைத் தானியங்களை ஒரு கலத்தில் இட்டுக் குலுக்கினால், சிறியவை இடுக்குகளின் வழியே கீழிறங்கப் பெரியவை மேலே வரும். மோதல்கள் சிறுகோளைக் குலுக்குகின்றன. ஆங்கும் நுண்மணல் கீழிறங்கிப் பெருங்கற்கள் மேலே நிற்கலாம். களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் பறந்துபோக மணி காலடியில் விழுவதுபோல, மோதலில் மிக விரைந்து எழும் துகள் பறந்துபோகப் பருங்கற்கள் எஞ்சுகின்றன. மிக நுண்ணிய துகளுக்கோ, ஈர்ப்பினும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பண்பே வலியதாகின்றது. மா கையில் ஒட்டுவதும் மணல் ஒட்டாமையும் இதனை விளக்கும்.

இவையெல்லாம் அறிந்த பின்னரும் பென்னு அறிஞரை வியப்பில் ஆழ்த்திற்று. அச்சிறுகோளுக்கு அப்பெயரைச் சூட்டியவன், பெயர்ப்போட்டியில் வென்ற ஒன்பது வயதுச் சிறுவன். பூமியிலிருந்து நோக்கி, அதன் மேற்பரப்பு பெரும்பாலும் பரல் பரந்த மட்டமான கடற்கரைபோல் இருக்கும் என்று எதிர்பார்த்தனர். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் என்னும் அமெரிக்கக் கலம் அங்கே சென்று நோக்கியபோது, எங்கும் பெரும்பாறைகளே நிறைந்திருந்தன. 2021இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குக் காரணம் கூறிற்று. பென்னுவின் பாறைகள் மிகுந்த துளையுடையவை. செங்கல்லைச் சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும். நெட்டியை அடித்தால் அமுங்குமேயன்றி நொறுங்காது. அதுபோல, துளையுள்ள பாறையில் மோதலின் வலிமை துளைகளை அமுக்குவதிற் செலவாகின்றது. வெப்பத்தால் பிளவு நீள்வதும் துளைகளால் தடைப்படுகின்றது. ஆகவே நுண்துகள் குறைவாகவே பிறக்கின்றது.

இறங்குதற்கு ஏற்ற இடம் காண்பதே அரிதாயிற்று. சில வாகனங்கள் நிற்கும் அளவேயுள்ள இடத்தைத் தேர்ந்து, 2020ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கலம் தன் கையை நீட்டித் தரையைத் தொட்டது. கெட்டியாய் எதிர்த்து நிற்கும் என்று எண்ணிய தரை, நீர்போல் விலகிற்று. கை ஏறத்தாழ அரை மீட்டர் ஆழம் புதைந்தது. உரிய நேரத்தில் கலம் மேலெழாதிருப்பின் இன்னும் ஆழ்ந்திருக்கும். பெட்டியில் நிறைந்த கற்கள் மூடியை மூடவிடாமல் தடுத்தன. துகள் சிறிது சிறிதாய்க் கசிந்து வெளியேறிற்று. அறிஞர்கள் காலந்தாழ்த்தாது அதனைப் பேழையில் வைத்துப் பூட்டினர். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் அப்பேழை அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் இறங்கியது. கிடைத்த பொருளின் எடை 121.6 கிராம். முன்னரே ஜப்பானியரின் இரண்டாம் ஹயபூசாக் கலம், ரியூகு என்னும் சிறுகோளிலிருந்து 5.4 கிராம் துகளை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் கொணர்ந்திருந்தது.

இச்சிறு பொருளுக்காக இத்துணை உழைப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். பயன் இரண்டு. முதலாவது, நம் தோற்றம் பற்றிய அறிவு. பூமியின் பழம்பாறைகள் உருகியும் அரிந்தும் மாறிப்போயின. சிறுகோளின் துகளோ தொன்மை குன்றாதது. பென்னுவின் துகளில், உயிர்கள் தம் புரதங்களை ஆக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 உள்ளன என்று 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தனர். உயிரின் மூலப்பொருள்கள் சில, பூமி உயிர் பெறுவதற்கு முன்னரே விண்ணில் உருவாகியிருந்தன என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, நம் காப்பு. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், ரஷ்ய நாட்டுச் செலியாபின்ஸ்க் நகரின்மேல் ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள விண்கல் வெடித்தது. சன்னற் கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ 1500 பேர் காயமுற்றனர். பென்னுவோ அதனினும் மிகப் பெரியது. 2182ஆம் ஆண்டு செப்டம்பரில் அது பூமியை மோதக்கூடிய வாய்ப்பு 2700இல் ஒன்று எனக் கணக்கிட்டுள்ளனர். வாய்ப்பு சிறிதே, ஆயினும் வருமுன் காப்பது அறிவுடைமை. இதன்பொருட்டு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், டார்ட் என்னும் கலத்தை டைமார்பஸ் என்னும் சிறு விண்பொருளின்மீது வேண்டுமென்றே மோதுவித்தனர். டைமார்பஸ் வேறொரு சிறுகோளைச் சுற்றி வருவது. ஒரு சுற்றுக்கு அதற்கு 11 மணி 55 நிமிடம் ஆகும். மோதியபின் அக்காலம் ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது. கலம் தந்த உந்துதல் மட்டும் இதனைச் செய்யவில்லை. மோதலில் தெறித்தெழுந்த கல்லும் துகளும், சுட்ட துப்பாக்கி பின்னே உதைப்பதுபோல், டைமார்பசைப் பின்தள்ளின. அவற்றின் உந்துதலே பெரும்பங்கு. எனவே, ஒரு சிறுகோளைத் திசைதிருப்ப வேண்டுவோர் அதன் மேற்பரப்பு பாறையா, பரலா, துகளா என்று அறியாமல் கணக்கிட இயலாது. பென்னுவில் கை புதைந்ததும், ரியூகுவில் துகள் பிடித்ததும் இவ்வகையில் நம் பாதுகாப்புக்கான பாடங்களே.

மாணவர்காள்! காற்றும் நீரும் இல்லாத இடத்திலும் இயற்கை தன் தொழிலை நிறுத்துவதில்லை. அடியும் வெயிலும் குளிரும் ஞாயிற்றுக் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாய்ப் பாறையை அரைத்துக்கொண்டே இருக்கின்றன. அத்தூளில் ஒரு சிட்டிகை கைக்கு வந்ததும், அறிஞர்கள் அதனைக் கொண்டு விண்கல்லின் தாயகத்தை அறிந்தனர். உயிரின் மூலப்பொருளைக் கண்டனர். இன்னும் செல்லப்படாத சிறுகோள்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றின் துகளை ஆராயும் பணி உங்கள் தலைமுறையை நோக்கிக் காத்திருக்கின்றது. அப்பணிக்கு வேண்டிய பயிற்சியை இன்றே தொடங்கலாம். உங்கள் காலடியில் உள்ள ஒரு பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பரல் எது, மணல் எது, பூழி எது, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஆராயுங்கள்.